மாமா சொல்லிச் செய்த பேனாக்கள்

“பேனா கைக்கு உட்காரலை.”

பல் விளக்கிவிட்டு வரும்போது மாமா இதைச் சொல்வார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் சட்டைப்பையில் பேனாவே இல்லாவிட்டாலும், சொல்வார். சொல்லும்போது வலது கையைத் தூக்கி, இல்லாத பேனா ஒன்றைப் பிடித்துக் காட்டி, உதட்டைக் கோணி, “ம்ஹூம்” என்று மூக்கால் ஒரு சத்தம் விடுவார். இதைச் செய்து காட்டத் தெரியாத பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. புதுச் செருப்பு கடித்தால் “கைக்கு உட்காரலை, ம்ஹூம்.” டிவியில் படம் தெரியாவிட்டால் “கைக்கு உட்காரலை, ம்ஹூம்.” மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். முதலில்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் அத்தையும் கீழ் வீட்டில், நாங்கள் மாடியில். நடுவில் இருந்த கூரை ரொம்ப மெல்லியது. கீழே தும்மினால் மேலே நாங்கள் ஆயுசு நூறு என்போம். அதனால் மாமாவின் கதையில் எங்களுக்குத் தெரியாமல் போனது குறைவு.

அவருக்கு ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை. பட்டச் சான்றிதழில் எல்லாமே அச்சில் வந்துவிடும், பெயர் மட்டும் வராது. அந்த இடம் காலியாக இருக்கும். படித்து முடித்தவன் பெயரை ஒரு மனிதன் கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி பிடிவாதமாக வைத்திருந்தது. அந்த மனிதன் எங்கள் மாமா. அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘முத்தெழுத்து’தான். “முத்தெழுத்து டீ குடிக்கப் போயிருக்காரு”, “முத்தெழுத்துக்கு ஜலதோஷம், இன்னிக்கு வர மாட்டாரு.”

பழைய கோப்புகள் அடுக்கிய இரும்பு பீரோக்களுக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி அவருக்குச் சாய்வான ஒரு மேசை. தடித்த காகிதத்தில் பென்சிலால் மெல்லிசாக இரண்டு கோடு போடுவார். மூச்சை இழுத்து நிறுத்துவார். பெயரை ஒரே ஓட்டமாக எழுதி முடித்துவிட்டுத்தான் மூச்சை விடுவார். நீளமான பெயர்க்காரர்கள் வந்தால் அவர் முகம் சிவந்துவிடும் என்று பியூன் சொல்லிச் சிரிப்பார். அவர் எழுதும்போது அந்த அறைக் கதவை யாரும் சத்தமாகச் சாத்துவதில்லை.

ஒரு பட்டமளிப்பு விழா முடிந்த மறுவாரம், ஒரு பெண் தன் சான்றிதழை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்கு வந்தாள். சண்டை போட்டிருந்தால் மாமாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

“சார், இது என் பேர்தான். ஆனா பஸ்ல போயிட்டே எழுதின மாதிரி இருக்கு. வீட்டுல ஃபிரேம் போட்டு மாட்டணும்னு சொல்றாங்க… வேற ஒண்ணு எழுதித் தர முடியுமா சார்?”

மாமா வாங்கிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். “நிப்பு தேஞ்சிடுச்சும்மா. உக்காரு, எழுதித் தரேன்.”

எழுதினார். அதுவும் பஸ்ஸில்தான் போனது. இன்னொன்று எழுதினார். அதில் பஸ் கொஞ்சம் நல்ல சாலைக்கு வந்திருந்தது. பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். கெட்டுப்போன தாள்களுக்குக் காரணம் எழுதிக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மாமா எழுதிய காரணம்: பேனா பழுது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் “கைக்கு உட்காரலை.” ஊரில் இருந்த கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினார். எந்தப் பேனாவும் சரிப்படவில்லை. கடைசியில் கல்லூரியிலேயே பேனாப் பைத்தியமான ஒரு பேராசிரியர் ஒரு நம்பர் கொடுத்தார். வேறு ஊரில், லேத்து வைத்து, ஒவ்வொரு பேனாவையும் கையாலேயே கடைந்து கொடுக்கும் ஒருவர். நம் கை என்ன கேட்கிறதோ அதைச் சொன்னால் போதும், அப்படியே செய்து அனுப்பிவிடுவாராம்.

மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். அந்தப் பக்கம் ‘க்ர்ர்ர்’ என்று லேத்து ஓடியது. அதை நிறுத்திவிட்டு வந்த குரலும் அதே வேகத்தில்தான் சுற்றி நின்றது.

“சொல்லுங்க சார்ர்ர்… எவ்வளவு நீளம் வேணும்?”

“என் கைக்குத் தகுந்த மாதிரி.”

“கை எவ்வளவு நீளம் சார்?”

மாமா அத்தையின் தையல் டேப்பை எடுத்து நடுவிரலை அளந்து சொன்னார்.

“மூடியப் பின்னாடி மாட்டிக்கிட்டு எழுதுவீங்களா, கழட்டி வெச்சிட்டா?”

“கழட்டி வெச்சிட்டு.”

“பேனாவ நிமித்திப் பிடிப்பீங்களா, படுக்கப் போட்டா? அழுத்துவீங்களா, தடவி விடுவீங்களா? உள்ளங்கை வேர்க்குமா?”

உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். “என்னைக் கட்டிக் குடுக்கறப்ப எங்கப்பா இதுல கால்வாசி கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

“யாரு சார் அது?”

“ஒண்ணுமில்ல, ரேடியோ.”

பேனாக்காரர் தனி ஆள். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றை முடித்துத்தான் அடுத்ததைத் தொடுவார். “வரிசையில வெச்சிருக்கேன் சார். அவசரப்படுத்தினா பேனா கோச்சுக்கும்” என்றார். மாமா அவசரப்படுத்தவில்லை.

முதல் பேனா வந்தது. கருப்பும் பச்சையுமாக அலை ஓடிய உடம்பு, மூடியைத் திருகினால் பட்டுப் போலச் சுற்றியது. அத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

“என்னங்க இது, டயர் கடை நாத்தம் அடிக்குது?”

“எபோனைட்டுடி. ரப்பர வேகவெச்சு இறுக்கினது. கை சூடு பட்டா அப்படித்தான் வாசம் வரும்.”

“வாசமாம்!”

மாமா மையை ஊற்றி, பென்சில் கோடு போட்டு, மூச்சைப் பிடித்து அத்தையின் பெயரை எழுதினார். பார்த்தார். மூச்சு விட்டார்.

“மெலிசா இருக்கு. கைக்கு உட்காரலை.”

திருப்பி அனுப்பினார். அடுத்தது கட்டையாக வந்தது. அதற்குக் கனம் பத்தவில்லை. உள்ளே பித்தளை வைத்துக் கனமாக வந்தது. அது மணிக்கட்டை இழுத்தது. நிப்பு ரொம்ப ஓடுகிறது என்றார், மையைக் குறைத்து வந்தது. இப்போது நிப்பு ஓடவே இல்லை என்றார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே பதில்: “என் தப்புதான் சார்ர்ர். குடுத்தனுப்புங்க, பாத்துடலாம்.”

அலுவலகத்தில் அடுத்த வருடத்துச் சான்றிதழ்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டன. கண்காணிப்பாளர் அம்மா நல்ல மனுஷி. எதைச் சொன்னாலும் முடிவில் ‘அப்படித்தானே’ என்று ஒரு பூட்டு போட்டுவிடுவார்.

“புதுப் பேனா வந்ததும் ஆரம்பிச்சிடுவீங்க, அப்படித்தானே?”

“ஆமா மேடம். வரிசையில இருக்கேன்.”

“அதுவரைக்கும் வேற யாரையும் பாக்க வேணாம், அப்படித்தானே?”

“வேணாம் மேடம்.”

பேனா அந்தப் பட்டறையில் இருக்கும்வரை மாமாவின் மேசைக்கு ஆபத்தில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால்தான் ஆபத்து. இது எங்களில் அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. கூரியர்காரர் மணி அடித்தால் மாமாவின் முகம் விழுவதையும், பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தால் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவதையும் அவள்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானை அவளே போட்டுவிட ஆரம்பித்திருந்தாள். டம்ளரில் பாதிதான் ஊற்றுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அத்தை தன் முழங்காலுக்குப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் முழங்காலை விட்டுவிட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவர் கையப் பாருங்க.”

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். மாமாவிடம் ஒரு காகிதத்தையும் தன் பால்பாயிண்ட் பேனாவையும் கொடுத்தார். “கொசுவத்திச் சுருள் இருக்குல்ல, அது மாதிரி ஒண்ணு வரைங்க சார். கைய மேசையில ஊன்றாம.”

மாமா வரைந்தார். வரைந்து முடித்ததைப் பார்த்தால் நாய்க்குட்டி கடித்துப் போட்ட கொசுவத்தி மாதிரி இருந்தது.

“உங்க பேனா சரியில்ல டாக்டர்” என்றார் மாமா.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை. மாத்திரை கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் இனிமேல் பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், போகப் போகக் கூடத்தான் செய்யும். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்து, வெளியே வந்து, தெருவில் நின்று அத்தையிடம் சொன்னார்.

“பேனாக் கோளாறுக்கு என்னைய எதுக்குடி டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தே?”

அத்தை விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அன்றைக்குப் பாத்திரங்களோடுதான் பேசினாள். “நீயாவது நெளிஞ்சா நெளிஞ்சேன்னு ஒத்துக்கறே” என்று ஒரு பழைய சட்டியிடம் அவள் சொன்னது மாடிவரை கேட்டது.

பேனாக்காரர் தோற்பதாக இல்லை. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். “சார், கடைசியா ஒண்ணு பாத்துடலாம். ஒரு குச்சி அனுப்பறேன். அதச் சுத்தி மாவு மாதிரி ஒண்ணு அப்பியிருக்கும். எழுதுற மாதிரியே பிடிச்சு, காகிதத்து மேல ஒரு வரி எழுதிட்டு, அப்படியே காய வெச்சு அனுப்புங்க. உங்க விரல் எங்கெங்க பதியுதோ, பேனாவோட கழுத்துல அங்கங்க குழிச்சுத் தரேன். அதுலயும் உட்காரலேன்னா இந்தத் தொழிலே எனக்குத் தெரியலேன்னு அர்த்தம்.”

குச்சி வந்தது. மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைப் பிடித்து, காகிதத்தின் மேல் நகர்த்தினார். எடுத்துப் பார்த்தால், மூன்று விரல் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூட்டமே ஏறி இறங்கின மாதிரி தடம். தண்ணீர் தொட்டு வழித்துவிட்டு மறுபடி பிடித்தார். மறுபடி கூட்டம். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. மாவு ஓரமாகக் காய்ந்துகொண்டு வந்தது.

“இங்க வா.”

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இதப் பிடி.”

“நானா? எதுக்கு?”

“எழுதுற மாதிரி பிடி. ஒரு வரி எழுது.”

“என்னன்னு எழுத?”

“எதையாவது எழுதேன்டி! காயுதுல்ல!”

அத்தை பிடித்தாள். காகிதத்தில் அழுத்தமாக ஒரு வரி இழுத்தாள். எடுத்தபோது மூன்று விரலும் அச்சு வார்த்த மாதிரி இருந்தன. மாமா அதை அவள் கையிலிருந்து பதமாக வாங்கி ஜன்னலோரம் வைத்தார்.

“அவருக்கு இது என் கைன்னு சொல்லப் போறீங்களா?” என்றாள் அத்தை.

“எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லாட்டி யார் கைக்குங்க உட்காரும்?”

மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

குச்சி கிடைத்ததும் பேனாக்காரர் கூப்பிட்டார். “சார், விரல் இடைவெளி சின்னதா இருக்கே. முன்னாடி நீங்க குடுத்த அளவுக்கும் இதுக்கும் ஒட்டலையே?”

“வயசானா சுருங்காதா?” என்றார் மாமா.

“சுருங்கும் சார்ர்ர்… நீங்க சொன்னா சரி.”

பிறகு பேச்சில்லை. சான்றிதழ்க் கட்டுகள் அப்படியே கிடந்தன, விழா நெருங்கிக்கொண்டிருந்தது, ‘அப்படித்தானே’க்கள் சுருக்கமாகிக்கொண்டே வந்தன. அப்போது பேனாக்காரர் இன்னொரு தடவை கூப்பிட்டார். இந்தத் தடவை பின்னால் லேத்துச் சத்தமே இல்லை. குரலில் இழுப்பும் இல்லை.

“சார், உங்க பேனா முடியப் போகுது. அதுக்காகக் கூப்பிடல. ஒண்ணு கேக்கணும். மத்தவங்களுக்கு அனுப்பினதெல்லாம் நல்லா இருக்கான்னு ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டுட்டிருக்கேன். இருக்குன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேங்குது. கடைஞ்சதையே திரும்பத் திரும்ப அளக்கறேன். ஒரு கைக்குச் சரியா செய்யத் தெரியலேன்னா மத்ததெல்லாம் குருட்டாம்போக்குல வந்ததுதானோன்னு தோணுது சார். வீட்டுல, லேத்த வித்துட்டு வேற வேலை பாக்கலாமான்னு கேக்கறாங்க. உண்மையச் சொல்லுங்க, என் வேலையில என்ன குறை?”

“பேனா வரட்டும், சொல்றேன்” என்று மாமா போனை வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட உட்காரவே இல்லை. அத்தை கூப்பிட்டதற்கு, “அந்த ஆள் தூக்கத்தையும் சேத்துக் கெடுத்துட்டேன்டி” என்று மட்டும் சொன்னார்.

பேனா வந்தது. மாமா பிரிக்கவில்லை, அத்தைதான் பிரித்தாள். முழுக் கருப்பு. கழுத்தில் மூன்று குழி, தண்ணீர் ஓடி ஓடித் தேய்த்த கல்லைப் போல அத்தனை வழவழப்பு. ஃபில்லரில் மையை உறிஞ்சி அத்தையே ஊற்றித் திருகினாள்.

மாமா எடுத்துப் பிடித்தார். பெருவிரல் குழிக்கு வெளியே நின்றது. ஆள்காட்டி விரல் வரம்பின் மேல் ஏறிக்கொண்டது. மடக்கிப் பார்த்தார், நெருக்கிப் பார்த்தார். மூச்சைப் பிடித்து எழுதினார். எழுத்து முன்னைவிட மோசமாக ஆடியது. மூச்சை விட மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தை முதுகில் தட்டினாள்.

“குடுங்க பாப்போம்” என்று வாங்கினாள். அவள் கையில் அது பிறந்ததிலிருந்து இருந்த மாதிரி போய் உட்கார்ந்தது. யோசிக்காமல் ஒரு வரி எழுதினாள். அத்தையின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கோழி நேர்கோட்டில் நடந்தது. பட்டை நிப்பு தடிக்க வேண்டிய இடத்தில் தடித்து, மெலிய வேண்டிய இடத்தில் மெலிந்தது. இரண்டாவது வரி எழுதப் போனவள் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். சுட்டுவிட்டது போல வைத்தாள்.

“நல்லா எழுதுது” என்றார் மாமா. அழவில்லை. அழுதிருந்தால் நாங்களும் கீழே இறங்கிப் போயிருப்போம்.

போன் அடித்தது. அத்தை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

“உட்கார்ந்துச்சா?” மாமா பேனாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் அவசரமாகத் தொடர்ந்தது. “உட்காரலேன்னா கவலப்படாதீங்க சார். உங்கள வரிசையில மொத ஆளா வெச்சு இன்னொண்ணு செஞ்சுடறேன். விழா முடியற வரைக்கும் ஆகும், ஆனா கண்டிப்பா செஞ்சுடறேன்.”

விழா முடியும்வரை. அத்தை மாமாவைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் போதும். மேசையும் ஜன்னலும் இன்னும் கொஞ்ச காலம் அவருடையவை. அத்தை சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“ஏம்பா,” என்றார் மாமா, “உன் வேலையில ஒரு குறையும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. அந்தக் குச்சிய நான் பிடிக்கல. என் வீட்டுக்காரிதான் பிடிச்சா. அவ கைக்கு அப்படியே உட்கார்ந்துடுச்சு. என் கைதான் ஆடுது. மொத பேனாவுக்கு முன்னாடியே ஆடிச்சு. லேத்த விக்காத. எனக்கு இன்னொண்ணு செய்யவும் வேணாம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “சார்ர்ர்…” என்று மட்டும் சொன்னார். கோபத்தில் சொன்னாரா, நிம்மதியில் சொன்னாரா என்பதை எத்தனை தடவை அதே குரலில் சொல்லிப் பார்த்தும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் மாமா அலுவலகத்துக்குப் போனார். பொத்தானைப் போட்டுவிட்ட கையோடு அத்தையும் கூடவே கிளம்பிவிட்டாள். மேசையில் இருந்த ஸ்கேல், பென்சில், மைப்புட்டி, தாள் பறக்காமல் வைக்கும் இரும்புத் துண்டு எல்லாவற்றையும் அவள்தான் பைக்குள் எடுத்து வைத்தாள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பியூன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். யாரும் எழுதவில்லை என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும்.

கண்காணிப்பாளர் அம்மா எழுந்தே வந்துவிட்டார். இந்தத் தடவை பூட்டுப் போடவில்லை. மாமாவின் கையைப் பார்க்காமல் இருக்க என்னென்னவோ பாடுபட்டார்.

“இதுக்குப் போய் வேலைய விடணுமா சார்? வயசுக்கு எல்லாருக்கும் வர்றதுதான். கொஞ்ச நாள் லீவு போட்டு நல்லா ரெஸ்ட் எடுங்க. ரெஸ்ட் எடுத்தா கை தானா சரியாயிடும். அதுவரைக்கும் வேற ஆள வெச்சு சமாளிக்கறோம். நீங்க வந்து மறுபடி எழுதுங்க.”

மாமா பையை அத்தையின் கையிலிருந்து வாங்கப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பினார்.

“ரெஸ்ட்டா மேடம்? நான் தூங்குறப்ப மட்டும் இந்தக் கை ஆடறதே இல்லையாம். இவ முழிச்சு உக்காந்து பாத்துட்டே இருந்திருக்கா. தூக்கத்துல எழுதுற வேலை ஏதாச்சும் உங்ககிட்ட இருந்தா ஆள் விட்டு அனுப்புங்க, உங்க கட்டு மொத்தத்தையும் ஒரே தூக்கத்துல எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் முழிக்காமலே இருந்துடறேன்.”